வேனில் ஏறிப்போன கடைசி வருடம்

17.9.1991, செவ்வாய், இரவு

பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

காலையில் பாலிடெக்னிக்கில் கடைசி வருட எலக்ட்ரானிக்ஸ் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போனால் பாதி பெஞ்சு காலி. வாசலில் என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் டிவி கம்பெனியின் வேன். அதற்குள் என் நல்ல பிள்ளைகள் அத்தனை பேரும். ஜன்னலோரம் வடக்குப்பட்டு செல்வி. அவளைப் படிக்க அனுப்பச் சொல்லி அவள் அப்பாவிடம் மன்றாடியது நான்தான்.

"இறங்குடி! பரீட்சை எழுத வேணாமா?"

"படிச்சா வேலை கெடைக்கும்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க? முடிக்கறதுக்குள்ளயே கெடச்சிட்ச்சே!"

வேன் முழுக்கச் சிரிப்பு.

யார் யார் கெட்டிக்காரர்கள் என்று கம்பெனிக்கு எப்படித் தெரிந்தது? போன வாரம் சாப்பிடும்போது இவர் விசாரித்தார். நானும் பெருமையாக ஒவ்வொரு பேராகச் சொன்னேன்.

ராத்திரி இவர் வீட்டுக்கு வந்ததும், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"டிவி பூட்டற லைன் ஓட ஆள் இல்ல மீனா. மெட்ராஸ்லேர்ந்து இன்ஜினியர் எவன் இங்க வரான்?"

"புள்ளைங்க டிப்ளமோ இல்லாம நிக்கிறாங்களே. நாளைக்கு வேலை போச்சுன்னா?"

கை கழுவிக்கொண்டே சொன்னார்: "புது ஆளுங்களுக்குச் சொல்லித்தர கம்பெனில உன்னையும் கேக்கறாங்க. சரின்னுட்டேன்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் போய்விட்டால் முதல் வருடப் பிள்ளைகளுக்கு யார் பாடம் எடுப்பது? ரெண்டு வருடம் கழித்து அந்த வேன் யாரை ஏற்றிக்கொண்டு போகும்? கேட்கலாம் என்று திரும்பினால் குறட்டை விடுகிறார். எழுப்பத்தான் போகிறேன்.