மருந்து என்கிற பேர்

அகரம்,
12-8-1966

அன்பு மகள் சலேத்துக்கு,

மாதா தயவில் நானும் அப்பாவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். நெய்வேலியில் நீயும் பள்ளி விட்டபின் பிள்ளைகளுக்குச் செடிகொடி, பூச்சி பறவை பற்றி வகுப்பு ஆரம்பிக்கப்போவதாகவும், நான் இங்கே நடத்துவதைப் பற்றி எழுதும்படியும் கேட்டிருந்தாய். போன வாரம் வரை பெருமையாக எழுதியிருப்பேன்.

பக்கத்துத் தோட்டத்துத் தங்கமுத்து மகள் சண்முகவள்ளியை உனக்குத் தெரியுமே, முன்பல் விழுந்தவள். தவளைக்கும் வண்டுக்கும்கூட நம்மைப் போல் பசியும் நோவும் உண்டு என்று நான் சொன்னதை அவள் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அவர்கள் வீட்டு ஆட்டுக்குட்டி தீனி எடுக்காமல் சுருண்டு படுக்கவும், கத்தரியில் பூச்சி விழாமல் அடிக்க விவசாய டிப்போவில் வாங்கி வைத்திருந்த மருந்தைச் சிரட்டையில் ஊற்றிப் புகட்டிவிட்டாள். குட்டி செத்துப்போயிற்று. கையில் வழிந்ததைப் பாவாடையில் துடைத்திருக்கிறாள், சலேத். நல்லவேளை, அவள் அம்மா ஜக்கம்மாள் உடனே பாவாடையை உருவிப் போட்டு, சோப்புத் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டாள், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் தங்கமுத்து வந்து, "படிச்சவுகன்னு நம்பி அனுப்புனேன் டீச்சரம்மா, இனி எம்மவ வரமாட்டா" என்று சொல்லிப் போனார். அதோடு மற்ற பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். எனக்கு மனசு கேட்காமல் அவர்கள் வீட்டுக்கே போனேன். வள்ளி தாயின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "எங்கய்யா அதை மருந்துன்னுதானே சொல்லுச்சு, டிப்போக்காரரும் மருந்துன்னுதானே சொன்னாரு" என்று அழுதாள். ஜக்கம்மாள் புருஷனைப் பார்த்து, "பிள்ளையை ஏன் வையிறீக, விசத்துக்கு மருந்துன்னு பேரு வச்சவுகளைப் போயி வையுங்க" என்று ஒரு போடு போட்டாள். நேற்று வள்ளி வந்துவிட்டாள், அவள் பின்னாலேயே மற்றவர்களும். இன்று டிப்போவில் தங்கமுத்து வாய்ப்பழக்கத்தில் மருந்து என்று கேட்க, கூடப் போன வள்ளி "விசம்னு கேளுங்கய்யா" என்று கத்தினாளாம், எல்லாரும் சிரித்தார்களாம்.

நீயும் பாடம் தொடங்குமுன், வீட்டில் எதை என்ன பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொள். சாயங்காலம் வள்ளி இருமினாள் என்று சிரப் ஊற்றினேன். கரண்டியையே பார்த்துக்கொண்டு, "இது நெசமான மருந்தா டீச்சர்?" என்று கேட்டாள். முதலில் நான் ஒரு வாய் குடித்துக் காட்டினேன், பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். மழைக்குக் குடையை மறக்காதே.

உன் அம்மா,
புஷ்பமேரி