பழைய லென்ஸின் மேல் விழுந்த பழி

அன்புள்ள வீட்டுத் தலைமையாசிரியைக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏறாதே.

ஓய்வு பெற்றபின் இவ்வளவு தூரம் வந்து இந்தப் பள்ளியில் பாடம் நடத்துவது போதாதென்று வேறு வேலைகளும் என்னை விடவில்லை. ஆசிரியர்களின் குழுப்படம் எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பள்ளியின் டிஜிட்டல் கேமராவில் என் பழைய லென்ஸை ஒரு வளையம் வைத்துப் பொருத்தினேன். புது லென்ஸ், கேள்வி முடியுமுன் விடை சொல்லும் மாணவன் மாதிரி தானே ஃபோகஸ் செய்துகொள்ளும். என் பழையதை நாம்தான் கையால் திருப்ப வேண்டும். எடுத்ததெல்லாம் மங்கல். லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது என்றேன்.

கணினி ஆசிரியர் கேமராவில் ஏதோ மாற்றினார். ஃபோகஸ் சரியாக விழும் இடத்தில் சிவப்புக் கோடு தெரியுமாம். கோடு வரும்வரை திருப்பி எடுத்தேன். அவருக்குப் பளிச்சென்று இருந்த படம் எனக்கு அப்போதும் மங்கல்தான்.

"லென்ஸை ஏன் சார் திட்டுறீங்க? கண்ணை எப்போ காட்டுனீங்க?"

"என் வீட்டுக்காரி சொல்லி அனுப்பின ஆளா நீங்க?" என்றேன்.

பயப்படாதே, சனிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன். அலமாரியில் இருக்கும் என் பழைய கண்ணாடிச் சீட்டை அனுப்பு. கூடவே உன் படம் ஒன்று. போன தடவை அனுப்பியது தெளிவாக இல்லை என்று குறை சொன்னேனே, அது நன்றாகத்தான் இருந்திருக்கும்.

மணி அடிக்கிறது, வகுப்புக்குப் போகிறேன்.

உன் வாத்தியார்