முதலா, சரக்கா?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மாமாவுக்கு முட்டிவலி விட்டபாடில்லை, வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை. நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

அப்பாவின் மனையை இரண்டாகப் பிரித்து, பின்பாதியில் உன் பணத்தில் எழுப்பிய வீடு முடிந்துவிட்டது. விற்றுத் தந்தால் அங்கேயே ஒரு வீடு வாங்கி நிலைத்துவிடலாம் என்றாய். நானும் சரி என்றேன். உன் மாமா சும்மா இருப்பாரா? 'விற்பனைக்கு. எங்கள் முதல் கட்டடம்' என்று வாசலில் பெரிய பலகை மாட்டிவிட்டார். அதைப் பார்த்து ஆடிட்டர் தலையில் அடித்துக்கொண்டார். "முதல்னா ரெண்டாவது, மூணாவதும் வருமா? நாங்க வியாபாரின்னு நீங்களே தண்டோரா போட்டுட்டீங்களே" என்றார். மாமா முட்டிவலியையும் மறந்து ஏணி தேடப் போய்விட்டார்.

பலகையைக் கழற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன். அதில்லையாம். இந்த வீடு உங்களுக்கு முதலா, சரக்கா என்று ஆடிட்டர் கேட்டார். வைத்துக்கொள்ளக் கட்டினால் முதல், விற்று லாபம் பார்க்கக் கட்டினால் சரக்கு. சரக்கு என்றால் லாபம் முழுவதும் வருமானத்தில் சேர்ந்து வரி ஏறுமாம். கட்டிய கையோடு விற்பதால் சலுகையும் கிடையாதாம். இப்போதே விற்றால் கைக்கு வருவது நீ அங்கே பார்த்த வீட்டுக்கு எட்டாது, தம்பி. நீங்கள் சில வருடம் குடியிருந்துவிட்டு விற்றால் சுமை குறைய வழியுண்டாம். "ஆனா நான் பொய் எழுத மாட்டேன். எந்த எண்ணத்துல கட்டினீங்க?" என்றார்.

விற்கத்தான் என்று உன் எண்ணத்தை உள்ளபடி சொல்லிவிட்டேன். என் எண்ணத்தை அவர் கேட்கவில்லை.

போன வாரம் ஓர் அம்மா வீடு பார்க்க வந்தார். எல்லாம் பிடித்ததாம், சமையல் மேடைதான் நெஞ்சுக்கு இடிக்கிறதாம். யாருக்காக இவ்வளவு உயரம் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கொத்தனார், "அவங்க தம்பி பொண்டாட்டி நெட்டையாம், அக்காதான் அளவு சொன்னாங்க" என்று போட்டு உடைத்துவிட்டார். மானமே போயிற்று!

ஆமாம், அவளுக்காகத்தான் சொன்னேன். இங்கே வரும்போதெல்லாம் என் அடுப்படியில் அவள் கூன்போட்டு நின்று இடுப்பொடிந்தது எனக்கு மறக்குமா? அன்றைக்குப் போனில், "காலைல வெயில் எந்த ஜன்னல்ல வரும், அண்ணி?" என்று கேட்டாள். விற்கிற வீட்டுக்கு யாராவது வெயில் விசாரிப்பார்களா? அதிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நீ விற்கச் சொன்னால் வரியை ஒழுங்காகக் கட்டி விற்றுத் தருகிறேன். மனஸ்தாபம் ஒன்றுமில்லை. அந்த அம்மா மேடையை இறக்கித் தரச் சொல்கிறார். உன் பதில் வரும்வரை அதில் கை வைக்கக் கூடாது என்று கொத்தனாரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

இருவரும் எங்கே இருந்தாலும் நூறாண்டு நன்றாக இருங்கள். சமையலறை ஜன்னலில்தான் வெயில் வருகிறது, அவளிடம் சொல்.

உன் அக்கா