ஒன்பதாவது கல்லூரிக்குப் போன காபிக் கூஜா

அல்கோர், கத்தார்
17 நவம்பர் 2006, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ரோஹித்துக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் தன்யாவும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். மனசு சௌக்கியமா என்று உன்னைக் கேட்கும் யோக்கியதை இன்றைக்கு எனக்கு இல்லை. எனக்குத் தமிழில் டைப் அடிக்க வராது, அதனால் கையால் எழுதி, தன்யாவை ஸ்கேன் செய்யச் சொல்லி ஈமெயிலில் அனுப்புகிறேன். நீ எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், அரை மணி நேரமாவது ஆகும், ஆனாலும் கடைசி வரை படித்துவிடு. இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் என் கை தானாக ஆபீஸ் லெட்டர் எழுத ஆரம்பித்துவிடும், அதில் ஒளிந்துகொள்ள நிறைய இடம் உண்டு.

நேற்று நீ போன் செய்தபோது அப்பா குளிக்கிறார் என்று அம்மா சொன்னாள் அல்லவா, நான் குளிக்கவில்லை. சோபாவில்தான் உட்கார்ந்திருந்தேன், அப்படிச் சொல் என்று கை காட்டியதும் நான்தான். கான்பரன்ஸ் ஆபீஸிலிருந்து உனக்கு லெட்டர் வந்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை விளையாட்டுத் துறை டைரக்டர் முன்னால் போய் உட்கார வேண்டும், "அப்பா என்னம்மா பண்ணினார், ப்ளீஸ் சொல்லும்மா" என்று நீ கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அப்பா என்ன பண்ணினார் என்பதை அப்பாவே சொல்கிறேன்.

ஆகஸ்டில் நீ புறப்படும்போது ஏர்போர்ட்டில் எனக்குப் பாடம் நடத்தினாயே, ஒன்பது கல்லூரிகள் சேர்ந்ததுதான் ஒரு கான்பரன்ஸ், அவர்களுக்குள்தான் போட்டி, கூடைப்பந்து உண்டு, அவர்கள் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் உண்டு, நம் ஃபுட்பால், அதாவது அங்கே சாக்கர் என்பது, ஆண்களுக்கு வெறும் கிளப்பாகத்தான் இருக்கிறது என்று. டிசம்பர் ஐந்தாம் தேதி ஒன்பது கல்லூரித் தலைவர்களும் உட்கார்ந்து அதைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று ஓட்டுப் போடப் போகிறார்கள், சேர்த்தால் நீ கேப்டனாக இருக்கும் கிளப் கல்லூரியின் டீமாகிவிடும், சேர்க்காவிட்டால் கோச் மார்ச் மாதத்தோடு கிளம்பிவிடுவார், கிளப்பையே மூடிவிடுவார்கள், உனக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு வருஷம் என்றெல்லாம் சொன்னாய். பதினோரு நாட்டுப் பையன்கள் இருபத்தேழு பேர் என்று பெருமையாகச் சொன்னாய். எதிர்க்கிறவர்கள் சொல்வதையும் மறைக்காமல் சொன்னாய். ஆண்களுக்கு ஒரு ஆட்டம் கூட்டினால் பெண்களுக்கும் ஒன்று கூட்ட வேண்டும், நவம்பரில் குளிரில் மைதானம் உறைந்து இறுகிவிடும், ஒவ்வொரு மேட்சுக்கும் பையன்கள் ஆறு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும், படிப்பு என்னாவது என்று. அதில் நியாயம் இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. நீயோ பெண்களையும் சேர்த்தே கேட்போம், போட்டியை செப்டம்பரிலேயே தொடங்குவோம் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, படம் போட்டு, தலைவர்கள் முன்னால் நின்று பேசிவிட்டு வந்தாய். நாலு பேர் சேர்க்கலாம் என்கிறார்கள், நாலு பேர் வேண்டாம் என்கிறார்கள், ஒன்பதாவது கல்லூரித் தலைவரான அம்மையார் மட்டும் வாயே திறக்கவில்லை, "அவங்க மார்ச்ல தோஹா வந்திருக்காங்களாம்ப்பா, நம்ம ஊரைப் பத்திக் கேட்டாங்க" என்று நீ தீபாவளியன்று போனில் சொன்னாய். சும்மா சொன்னாய். நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் ராஸ் லஃபான் போகும் ஆபீஸ் பஸ்ஸில் சீதாராமனிடம் வாயை விட்டேன். என் பக்கத்து சீட்காரர், பதினெட்டு வருஷம் இங்கே கொட்டை போட்டவர். அவர் சிரித்துவிட்டு, "என்ன சார், ஒரு ஓட்டுதானே, நம்ம முதீர்கிட்ட சொல்லுங்க, ஒரு வார்த்தைல முடிஞ்சிரும்" என்றார். முதீர் என்றால் எங்கள் மேனேஜர், உனக்குத் தெரியும், உன் பிறந்தநாளுக்கு சைக்கிள் அனுப்பியவர். கேட்டுப் பார்த்தால், மார்ச்சில் நடந்த ஒரு விருந்தில் அந்த அம்மையார் அவர் மேஜையிலேயே உட்கார்ந்திருக்கிறார், கார்டு கூட இருக்கிறது. இங்கே இதற்கு வாஸ்தா என்று பெயர், வேண்டியவர் ஒரு வார்த்தை சொன்னால் கிடப்பில் கிடக்கிற காகிதம் எழுந்து நடக்கும். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ரோஹித் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி, இந்த ஆட்டத்தைச் சேர்க்க உங்கள் ஆதரவு வேண்டும் என்று லெட்டரை டிராஃப்ட் செய்ததே நான்தான், அவர் கையெழுத்து மட்டும் போட்டார். ஈத் பண்டிகைப் பரிசு என்று வெள்ளி முலாம் பூசிய தல்லா ஒன்று, அந்த மூக்கு நீண்ட அரபு காபிக் கூஜா, கூட இரண்டு பெட்டி பேரீச்சம்பழம் எல்லாம் வைத்து கூரியரில் அனுப்பினேன். உனக்குச் சொல்லவில்லை. ஜெயித்த பிறகு சொல்லி உன்னை அசத்தலாம் என்று நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை கூஜா திரும்பி வந்தது, அதே பெட்டியில், நான் சுற்றிய குமிழ் பிளாஸ்டிக் கூடக் கலையாமல். பேரீச்சம்பழத்தை அவர்கள் ஊர் கஸ்டம்ஸே நிறுத்திவிட்டதாம். கூடவே ஒரு பக்க லெட்டர். ரோஹித், அதில் ஒரு கடுமையான சொல் கிடையாது, அதனால்தான் தாங்க முடியவில்லை. ரோஹித் பேசியதைக் கேட்ட அன்றே சேர்க்கலாம் என்று ஓட்டுப் போட முடிவு செய்திருந்தேன் என்று அந்த அம்மையார் எழுதியிருக்கிறார். இப்போது இந்தப் பரிசைப் பற்றி மற்ற எட்டுத் தலைவர்களுக்கும் தெரிவித்துவிட்டேன், இது உங்கள் ஊர் மரியாதை மட்டும்தான், உள்நோக்கம் இல்லை என்று விசாரணையில் தெரிந்தால் ஒழிய நான் ஓட்டுப் போடுவது முறையாகாது, ஒதுங்கிக்கொள்வேன் என்கிறார். நாலுக்கு நாலு என்றால் தோற்றதாகத்தான் கணக்கு. நீ உன் வாயால் ஜெயித்து வைத்திருந்த ஓட்டை நான் கூஜா அனுப்பிக் கெடுத்திருக்கிறேன். முதீரிடம் சொன்னேன், அவர் "கலாஸ், மாஃபி முஷ்கில்", அதாவது விடு, ஒரு பிரச்னையும் இல்லை, "இன்னொரு லெட்டர் போடலாம்" என்கிறார். காலில் விழாத குறையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்பாய். பத்தாம் வகுப்பில் நீ ஸ்கூல் டீமில் இருந்தபோது, போர்டு எக்ஸாம் முடியும் வரை பந்தைத் தொடக் கூடாது என்று உன் பூட்ஸை எடுத்து என் கார் டிக்கியில் போட்டுப் பூட்டினேன். பைனல் மேட்ச் அன்று நீ செருப்போடு போய் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தாய். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நீ கத்தியிருந்தால் நான் மறந்திருப்பேன். அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று ஒரு எண்ணம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது, அந்த அவசரத்தில் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அம்மா உனக்குச் சொல்லிக்கொடுத்தாளே, "எங்க ஊர்ல ஈதுக்கு எல்லாருக்கும் குடுக்கறதுதான், எங்கப்பாவுக்கு உங்க ரூல் எல்லாம் தெரியாது, பாவம்னு சொல்லுடா, விட்டுருவாங்க" என்று. அவள் சொன்னது போல விட்டுவிடுவார்கள் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அந்த அம்மையாரே அப்படி ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறார், அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் ஓட்டு திரும்பி வந்துவிடும். ஆனால் எனக்குத் தெரியும் ரோஹித். என் வேலையே கான்ட்ராக்டர்கள் போட்ட வெல்டிங்கைப் பார்த்து பாஸா ஃபெயிலா என்று சொல்வதுதான். காலண்டர், டைரி தவிர அவர்கள் எது கொடுத்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது எங்கள் கம்பெனி ரூல், வருஷா வருஷம் ஜனவரியில் புதிதாகச் சேரும் இன்ஜினியர்களுக்கு அந்த ரூலைப் பாடம் எடுக்கிறவன் நான். போன வருஷம் ஒருவன் பண்டிகை என்று சொல்லி வாட்ச் கொண்டு வந்தபோது, பண்டிகை பெயரைச் சொல்லி என்னை விலை பேசுகிறாயா என்று பத்துப் பேர் முன்னால் அவனைத் திட்டி அனுப்பினேன். அப்படிப்பட்டவன் கூஜாவைப் பெட்டியில் வைத்து ஒட்டும்போது தெரியாமல் ஒட்டினேன் என்றால் யார் நம்பினாலும் நான் நம்ப மாட்டேன்.

அதனால் இந்தக் கடிதத்தோடு இங்கிலீஷில் ஒரு தாளும் ஸ்கேனில் வருகிறது, பிரிண்ட் எடுத்துக்கொள். பரிசு ஓட்டுக்காகத்தான் அனுப்பினேன், தப்பு என்று தெரிந்தேதான் அனுப்பினேன், என் மகனுக்கு இதில் எதுவுமே தெரியாது என்று மூன்றே வரி, கீழே என் கையெழுத்து. நீ அதைக் கொடுத்தால் உன் மேல் ஒரு சந்தேகமும் இருக்காது, ஆனால் அந்த ஓட்டு போனதுதான், ஆட்டமும் அதோடு போனதுதான். நேராக அவர்களுக்கே அனுப்பிவிடலாம் என்று இன்று காலை கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். மறுபடியும் உன்னைக் கேட்காமல் உன் காரியத்தில் கை வைக்கிறேனே என்று எழுந்து வந்துவிட்டேன். தாள் உன்னிடம் இருக்கட்டும். என் ஆசை என்ன என்று கேட்டால், நீ அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த வருஷம் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையில் ஆட வேண்டும் என்பதுதான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் அபிப்பிராயம் என்ன என்று கேட்டால், கொடுத்துவிடு. இரண்டில் எதைச் செய்தாய் என்று நான் கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்க விட மாட்டேன்.

அம்மா கோபத்தில் இருக்கிறாள், ஆனாலும் உனக்கு முறுக்கும் பருப்புப் பொடியும் கட்டி வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் அனுப்புகிறேன். தன்யா மாடல் எக்ஸாமுக்குப் படிக்கிறாள், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். தோஹாவில் ஏசியன் கேம்ஸுக்காக ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், போகவே முடியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு வெளியே போகாதே. கடவுள் உனக்கு நல்ல புத்தியும் தெம்பும் கொடுக்கட்டும், எப்போதும் போல எங்கள் ஆசீர்வாதம் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. செவ்வாய்க்கிழமை அந்த அறைக்குள் போவதற்கு முன்னால், மற்ற இருபத்தாறு பையன்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து நடந்ததை அப்படியே சொல்லிவிடு, அது அவர்களுடைய ஆட்டமும்தான். அவர்கள் என்னைத் திட்டுவார்கள். நீ எனக்காகப் பரிந்து பேசாதே.

இப்படிக்கு
உன் அப்பா
பாஸ்கர்