மிளகாய் மில்லை விற்க வேண்டாம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
3.9.2020

ஆஸ்டினின் அப்பாவுக்கு, உங்கள் மனைவி கிருபாபாய் எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையால் எனக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. கோபம்தான் கட்டுக்குள் இல்லை. போனில் பேசலாம் என்றால், மோட்டார் சத்தத்தில் நின்று நின்று உங்கள் காது பாதி போய்விட்டது. நான் இங்கே கத்த வேண்டும். மகள் ரெனிட்டா கேட்பாள், மருமகன் கேட்பார், எதிர்வீடும் கேட்கும். அதனால்தான் அங்கேயும் பால் ஊற்ற வருகிற மம்சாபுரத்துப் பால்காரரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

போன சனிக்கிழமை கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "மில்லை வித்துருதேன் கிருபா. தளவாய்புரத்து ஆளு எட்டாந்தேதி செவ்வாக்கெழம மிஷினைப் பாக்க வாரான். பொறவு நானும் இங்கயே வந்துருதேன்" என்றீர்கள். பதில்கூடக் கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு ராஜபாளையம் போய்விட்டீர்கள். என் பதில் இதுதான். விற்கக் கூடாது.

நல்லா இருக்கே உங்கள் நியாயம்! ஜூன் மாதம் ஊரடங்கு தளர்ந்து நீங்கள் மில்லைத் திறந்தபோது பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு, "மில்லு வேணும்னா அம்மாவை இங்க விட்டுருங்க, ரெண்டும் ஒரே வீட்டுல வேண்டாம்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. எனக்கு வீசிங். வீட்டுக்கும் மில்லுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கதவு. ஊரில் இருக்கிற அம்புட்டுப் பேரும் மிளகாயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இருமினால் யாரும் திரும்பிப் பார்க்காத இடம் ஊருக்குள்ளேயே நம் மில் ஒன்றுதான். எது மிளகாய் இருமல், எது கொரோனா இருமல் என்று யார் கண்டது? ஆனால் கூடிப் பேசிய மூன்று பேரில் ஒருவராவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? டாக்டர்கூட வீடியோவில், "அம்மாவுக்கு மூச்சு எப்படி இருக்கு?" என்று ரெனிட்டாவிடம்தான் கேட்டார். மூச்சு விடுகிறவள் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

ரெனிட்டாவைக் குறை சொல்லவில்லை. தங்கமாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். வெளியிலிருந்து வருகிற எதையும் கழுவாமல் விடமாட்டாள். போன வாரம் கொத்தமல்லித் தழையைச் சோப்புத் தண்ணீரில் அலசிப் போட்டாள் போலிருக்கிறது, ரசம் நுரைத்துக்கொண்டு வந்தது. நான் அப்படியே குடித்துவிட்டேன். எனக்கு மாடி அறை. சின்னது எலினா படியில் நின்றுகொண்டு, "ஆச்சி, உள்ள வரட்டா?" என்று கேட்கும். அதற்குள் அதன் அம்மா வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அந்தப் பிள்ளையைத் தொட்டு மூன்று மாதமாகிறது.

ஆனால் இங்கே மட்டும் நோய் வராது என்று எந்த நம்பிக்கையில் என்னை வைத்திருக்கிறார்கள்? மருமகன் கிறிஸ்டோ தினமும் பேங்குக்குப் போகிறார். கூட்டம் இல்லாத பேங்கு எங்கே இருக்கிறது? வந்து குளிக்கிறார், சாப்பிட உட்காருகிறார். அவர் வெளியே போனால் கடமை. நீங்கள் மில்லைத் திறந்தால் பிடிவாதம். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

மகன் ஆஸ்டின் சென்னையில் இருந்துகொண்டு, "வயசானவங்க மட்டும் வீட்டுக்குள்ள இருந்துட்டா மத்த எல்லாத்தையும் தொறந்துரலாம்மா" என்கிறான். எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஏலே, தொறக்கது யாருலே? ஒங்கப்பாவுக்கு எழுவது வயசு. மில்லுல கூட நிக்கிற வெள்ளைத்தாய்க்கு அறுவது தாண்டிருச்சு. காய் கொண்டாற பெத்தம்மாளுக்கு அவ வயசே தெரியாது. எங்களை உள்ள போட்டுப் பூட்டிட்டு நீ எந்த ஊரைத் தொறக்கப் போறே?" என்று கேட்டேன். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டான். பெங்களூரு, அமெரிக்கா என்று எங்கெங்கோ பேசுகிறவனுக்கு அம்மா கேள்வி கேட்டால்தான் சிக்னல் போய்விடும்.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். வருகிற ஞாயிறு இங்கே சர்ச் திறக்கிறார்கள். அறுபத்தைந்து தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே போனில் ஆராதனை பாருங்கள் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. மே மாதம் சாராயக் கடையைத் திறந்தபோது வயசானவர்களுக்கென்று தனி நேரமே ஒதுக்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? குடிக்கப் போனால் நமக்கு முதல் வரிசை, ஜெபிக்கப் போனால் இடம் இல்லை. சர்ச் ஐயரவர்களிடமே போனில் சொன்னேன். சிரித்தார்.

சரி, மில்லுக்கு வருகிறேன். நீங்கள் விற்றால் அவன் மிஷினைக் கழற்றித் தளவாய்புரத்துக்குக் கொண்டுபோய்விடுவான். வெள்ளைத்தாய் எங்கே போவாள்? பூட்டிக் கிடந்த மாதங்களில் நாம் அரிசி கொடுத்தபோது, "சும்மா வாங்கித் திங்கவா வந்தேன்?" என்று, ஓடாத மில்லைத் தினமும் வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்கு நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள்?

அவளை விடுங்கள். நீங்கள் இங்கே வந்து என்ன செய்வீர்கள்? ஏப்ரல் மாதம் உங்களைப் பார்த்தேனே. ஓடாத மோட்டாருக்குத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்தீர்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். எனக்காக விற்கிறேன் என்கிறீர்கள். எனக்கு அந்த ஆள் வேண்டாம். தலைமுடியெல்லாம் மாவாக, மிளகாய்க் காரத்தில் கண் சிவந்து, "ஏட்டி, காப்பி கொண்டா" என்று சத்தம் போடுகிற ஆள்தான் எனக்கு வேண்டும்.

அதனால் நான் முடிவு செய்துவிட்டேன். முந்தாநாள் செவ்வாய்க்கிழமையிலிருந்து பஸ் விட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் ராஜபாளையம் வந்துவிடுவேன். ரெனிட்டாவிடம் ஞாயிறு சாயங்காலம் சொல்லிக்கொள்கிறேன். அழுவாள், கத்துவாள், அண்ணனுக்குப் போன் போடுவாள். போடட்டும்.

கண்ணை மூடிக்கொண்டு வரவில்லை. எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறேன். மிளகாயும் மல்லியும் செவ்வாய், வெள்ளி மட்டும் அரையுங்கள். அந்த நாட்களில் நான் நம் வீட்டு மாடியைவிட்டு இறங்கமாட்டேன். யாரும் மில்லுக்குள் உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம். டப்பாவில் பெயரை எழுதி வாசலில் வைத்துவிட்டுப் போகட்டும், அரைத்ததை வெள்ளைத்தாய் எடுத்து வெளியே வைப்பாள். நடுக்கதவு எப்போதும் சாத்தியே இருக்கட்டும். நீங்கள் பின்வாசல் வழியாக வந்து, குளித்துவிட்டு, முற்றத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நான் இந்தக் கோடியில் உட்காருகிறேன். மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு வருகிறவர்களை நான் மாடி ஜன்னலிலிருந்தே கவனித்துக்கொள்கிறேன். என் வாய்க்குப் பயப்படாத ஆள் அந்தத் தெருவிலேயே கிடையாது.

பயம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ராத்திரி இழுப்பு வரும்போதெல்லாம் இதுதானோ என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். நம் பக்கத்துத் தெரு சுப்புராஜ் அண்ணன் போனதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அவர் நாலு மாதம் வாசல்படி தாண்டவில்லை. மகன் வேலைக்குப் போய் வந்தான், அவன் மூலமாக வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் மனைவி ஜெயசித்ரா அக்காவுக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை. அந்த மகன் இன்னும், "நாந்தான் கொண்டாந்தேன், நாந்தான் கொண்டாந்தேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறானாம். சோறு தண்ணி இல்லையாம். அண்ணனுக்காக அழுததைவிட நான் அந்தப் பிள்ளைக்காகத்தான் அதிகம் அழுதேன்.

ஆகவே இதை என் கைப்பட எழுதுகிறேன். எனக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், "மில்லைத் தொறந்தேன், அவளைக் கொன்னுட்டேன்" என்று நீங்கள் ஒரு நாளும் சுவரைப் பார்த்து உட்காரக் கூடாது. பிள்ளைகள் உங்களைக் கேள்வி கேட்டால் இந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டுங்கள். என்னை யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை. எனக்கு அறுபத்தாறு வயது, புத்தி தெளிவாக இருக்கிறது, நானாகத்தான் பஸ் ஏறினேன்.

உங்களுக்கு ஏதாவது ஆனால் என்று எழுத வந்தேன். அதை எழுதப்போவதில்லை. மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிப் போடுங்கள்.

தளவாய்புரத்து ஆளுக்கு இன்றைக்கே போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆண்டவர் உங்கள் மூச்சையும் என் மூச்சையும் ஒரே வீட்டில் வைத்துக் காக்கட்டும்.

திங்கட்கிழமை வந்து சேரும்,
கிருபாபாய்