திரும்பி விழுந்த ‘ண’

மண்ணூர்
12.9.2011

அன்பு மகள் மதிவதனிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பரோடாவில் ஓவியக் கல்லூரியில் படிக்கும் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க முருகன் துணை. மனசுதான் இங்கே சரியில்லை. போனில் பேசினால் பக்கத்து ரூம் வரைக்கும் கேட்கிறது, அதனால்தான் கூரியரில் எழுதுகிறேன், வியாழனுக்குள் கிடைத்துவிடுமாம்.

உன் ரூமில் வாடகைக்கு இருக்கும் தூத்துக்குடிப் பையன் அருள்பாண்டிக்குப் போன வாரம் ஒரகடம் கம்பெனியில் மெஷினில் கை மாட்டி இரண்டு விரல் நசுங்கிவிட்டது. பார்த்துக்கொள்ள வந்த அவன் அம்மா பூமாரி பரணைத் துடைக்கும்போது, நீ அச்செடுக்கக் கட்டை முழுக்கச் சரவணபவ சரவணபவ என்று செதுக்கிய மரக்கட்டை அகப்பட்டுவிட்டது. அதை எடுத்து வைக்க மறந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். அச்சுக்கட்டையில் எழுத்து இடவலமாகத் திரும்பித்தான் இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும், எழுத்தைத் திருப்பிப் போட்டு எம் மவன் தலைக்கு மேல செய்வினை வச்சிருக்காவளே என்று வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மற்ற ரூம் பையன்களும் காலி செய்கிறோம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை முச்சந்தியில் வைத்து எரிக்க வேண்டுமாம். உன் அப்பாவோ, நமக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு, கொளுத்திப் போட்டுடு என்கிறார். டிசம்பர் கண்காட்சிக்கு அந்தக் கட்டைதான் வேண்டும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னது அவருக்கு நினைவே இல்லை, எனக்கு வந்ததே ஆத்திரம்.

விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் கட்டையில் தடவி, நீ விட்டுப்போன காகிதத்தை மேலே வைத்து, நீ செய்வதுபோலவே கரண்டி முதுகால் தேய்த்து, எல்லார் முன்னாலும் உரித்துக் காட்டினேன். எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி மழை அடிப்பதுபோல இருந்தாலும் சரவணபவ நேராக வந்துவிட்டது. பூமாரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் அவள் விரல் நடுவில் போய் நின்றது. அத்தனை எழுத்தில் ஒரே ஒரு ண மட்டும் திரும்பி விழுந்திருக்கிறதடி! இது மட்டும் ஏன் இப்படி இருக்குக்கா என்றாள். பிள்ளை கைத்தவறாகச் செதுக்கியிருப்பாள், கேட்டுச் சொல்கிறேன் என்று கட்டையைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன், சாவி என் இடுப்பில் இருக்கிறது.

சாமி பேரில் ஓர் எழுத்தாவது நம்மைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஒரு தடவை சொன்னாயே, அதைத்தான் செய்து வைத்திருக்கிறாயா? எதுவானாலும் வெள்ளிக்கிழமை காலையில் போன் பண்ணு, எல்லாரும் கேட்க ஸ்பீக்கரில் போடுவேன். கைத்தவறு என்று மட்டும் சொல்.

உளி பிடிக்கும் உன் கைக்கு ஒரு குறையும் வராமல் முருகன் காக்கட்டும். உண்மையை எனக்குத் தனியாக எழுது.

உன் அம்மா
நாச்சியார்