விழுகிற வேஷம்

பெப்ரவரி 6, வியாழன்
லண்டன் தோர்ண்டன் ஹீத் நூலகத்து மாலை வகுப்பில் இன்று நூறு வருடத்துக்கு முந்தைய ஊமைப்படங்கள் போட்டார்கள். அடிபட்டு, தடுக்கி விழுந்து சிரிக்க வைக்கிற சின்னப் படங்கள். நாங்களும் அப்படி ஒன்று எடுக்கப் போகிறோமாம். சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது. பிறகு வந்த படத்தில் ஒரு வெள்ளைக்காரர் முகத்தில் கரி பூசிக் கறுப்பு வேலைக்காரனாக வந்து, பேய்க்குப் பயந்து கண்ணை உருட்டினார். பக்கத்தில் வின்ஸ்ரன், ஜமேக்காக்காரர், பஸ் ஓட்டுகிறவர். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

பெப்ரவரி 13
எனக்கு விழ வேண்டும். இதை யாரிடம் சொல்வது? நாற்பத்துமூன்று வயது, இரண்டு பிள்ளைகள், பல் வைத்தியரின் வரவேற்பறையில் நாள் முழுக்க மரியாதையான முகம். ஒருதரமாவது தொப்பென்று விழுந்து ஒரு கூட்டத்தையே சிரிக்க வைக்க வேண்டும்.
என் கணவர் கஸ்பரிடம் சொன்னேன். "மாதா கோயில் சனம் பாத்துச் சிரிக்குமப்பா" என்றார்.
அதுதானே வேணும், மனுசா!

பெப்ரவரி 20
வேஷம் பிரித்தார்கள். விழுவதெல்லாம் வகுப்பிலுள்ள வெள்ளைக்காரர் கொலின். வின்ஸ்ரன் டொக்டர். நான் நீதவான் — கதிரையில் இருந்து பார்ப்பது மட்டும் வேலை. அந்தக் காலத்தில் உங்களைப் போன்றவர்களைக் கேலிப்பொருளாக்கினார்கள், நான் அதைச் செய்யமாட்டேன் என்கிறாள் வகுப்பு நடத்தும் மேரியன். நல்ல மனுசிதான். ஆனா என்ன இது? அப்ப எங்களை வைச்சுச் சிரிச்சினம். இப்ப பாவமெண்டு ஒரு மூலையிலை இருத்தி வைக்கினம். ரெண்டிலையும் நான் எங்கை?

பெப்ரவரி 27
கேட்டேவிட்டேன். அந்தப் படங்களில் கதாநாயகன் விழுந்தால் எழும்பி, தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு அடுத்த வம்புக்குப் போகிறான். படமும் அவன் பின்னாலே போகிறது. கறுப்பு வேலைக்காரன் ஓடினால் அத்தோடு சரி, அவன் எங்கே போனான் என்று யாரும் தேடுவதில்லை. "எனக்கு விழுந்து எழும்புகிற வேஷம் வேண்டும்" என்றேன்.
"டொக்டரும் வழுக்கி விழலாம்தானே?" என்றார் வின்ஸ்ரன்.
மேரியன் கொலினைப் பார்த்தாள். அவர் உடனே நீதவானின் அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார். முழங்கால் நோகிறதாம்.

மார்ச் 6
விழப் பழகினேன். இடுப்பு கண்டி நீலமாகிவிட்டது. நல்ல சந்தோசம்.

மே 10, சனி
கோயில் மண்டபத்தில் படம் போட்டோம். சேலையோடு, தட்டு நிறையக் கேக்கோடு நான் வழுக்கி விழுந்ததும் மண்டபம் கப்சிப். ஒரு சிரிப்பு இல்லை. "ஐயோ, பிறேமினி!" என்று யாரோ கத்தினார்கள். துலைஞ்சன் எண்டு நினைச்சன். திரையில் நான் எழும்பி, சேலையை உதறி, கொண்டையில் ஒட்டியிருந்த கிறீமைத் தொட்டு நக்கிப் பார்த்து, ஒன்றும் நடக்காத மாதிரி நாலடி நடந்து — திரும்பவும் விழுந்தேன். தூக்க வந்த டொக்டரும் என் மேலே. முதலில் சிரித்தது கஸ்பர். இந்த மனிதர் இவ்வளவு சத்தமாகச் சிரிப்பார் என்று எனக்கே தெரியாது. பிறகு முழு மண்டபமும்.

மே 11, ஞாயிறு
பூசை முடிந்து வெளியே வர, டொலறஸ் அக்கா கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார். மாதர் சங்கத் தலைவி. நல்ல ஏச்சு வாங்கப் போகிறேன் என்று நின்றேன்.
"பிள்ளை, அடுத்த படத்துக்கு ஆக்கள் எடுத்திட்டீங்களோ?"
"இன்னும் இல்லை அக்கா."
அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "சும்மா நிக்கிற வேஷம் எனக்கு வேண்டாம், சொல்லிப்போட்டன்."